பதில் வராத செய்தி, செய்தியே அல்ல!
டெலிபோன் யந்திரத்துக்குள் சிப்கள் பேசும் பாஷை. வெடிக் கிராமங்களுக்கு அதில் ஒரு பாடம்

சிவகாசியில் அச்சாகும் காலண்டர் டில்லிக் கடையில் தொங்குகிறது. சாத்தூர்ப் பக்கம் சுற்றிய மத்தாப்பு பாட்னாவில் பூச் சொரிகிறது. விருதுநகர்ச் சந்தையில் காலையில் பேசிய பருப்பு விலை, மத்தியானத்துக்குள் பல ஊர்களுக்குப் போய்விடுகிறது. இந்த வட்டாரத்தின் வியாபாரம் சரக்கால் மட்டும் நடப்பதல்ல. சொன்ன சொல் போய்ச் சேர்ந்தது என்ற நம்பிக்கையால் நடப்பது.

அந்தச் சொல்லை ஒரு காலத்தில் தந்தி சுமந்தது. அப்புறம் டிரங்க் கால் சுமந்தது. டிரங்க் கால் போடுகிறவர் மணிக்கணக்கில் காத்துக் கிடப்பார். 1960 நவம்பரில் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே, ஆப்பரேட்டர் தயவில்லாமல் நேராக எண்ணைச் சுழற்றிப் பேசும் முறை நமது நாட்டில் முதன் முதலாக வந்தது. 2013 ஜூலை 14-ந் தேதியோடு தந்திக்கு விடை கொடுத்தாயிற்று. இன்று எல்லோர் மடியிலும் கைபேசி.

சுமக்கும் வாகனம் மாறிவிட்டது. ஆனால் ஒரு சங்கதி மாறவில்லை. செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

அந்தக் கேள்விக்கு விடை, யாரும் கண்ணால் பார்க்காத ஓர் இடத்தில் இருக்கிறது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குள்ளே, நகக்கண் அளவுள்ள சிலிக்கன் துண்டுகளுக்கு நடுவே இருக்கிறது.

கை கொடுத்துப் பேசும் யந்திரங்கள்

பழைய எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டர் என்ன செய்தார்? அடுத்த ஊர் ஆப்பரேட்டரைக் கூப்பிடுவார். “லயன் காலியா?” என்பார். “காலி, கொடுங்கள்” என்று பதில் வந்த பிறகே இணைப்பார். பேச்சு முடிந்ததும் “விட்டுவிடலாமா?” என்று கேட்டு, “விடலாம்” என்ற பிறகே கம்பியைப் பிடுங்குவார்.

இன்றைய யந்திரத்தில் ஆப்பரேட்டர் இல்லை. அவர் செய்த வேலை இருக்கிறது. அதைச் சிப்கள் செய்கின்றன. ஒரு சிப் மற்றொன்றுக்குச் செய்தி தருமுன், “தரலாமா?” என்று கேட்கிறது. “தா” என்று பதில் வந்தால்தான் தருகிறது. தந்தபின் “கிடைத்தது” என்ற பதிலுக்குக் காத்திருக்கிறது. இதற்கு நிபுணர்கள் வைத்திருக்கும் பெயர் ‘கை குலுக்கல்’. இரண்டு வியாபாரிகள் கை கொடுத்துப் பேரத்தை முடிப்பது போல!

எதற்காக இத்தனை சடங்கு? இரண்டு சிப்களும் ஒரே வேகத்தில் வேலை செய்வதில்லை. ஒன்று ஆயிரம் வேலைக்கு நடுவே இருக்கலாம். அதனிடம் உள்ள நினைவு இடம் நிரம்பியிருக்கலாம். கேளாமல் கொட்டினால் செய்தி வழிந்து தரையில் போய்விடும். வழிந்த செய்தி திரும்ப வராது.

பட்டாசு ஆலைகளில் ஒரு கொட்டகைக்குள் எத்தனை ஆட்கள் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்று விதி இருக்கிறது. அளவு மீறினால் ஆபத்து. சிப்புக்கும் அதே கதைதான். “இடம் இல்லை, நிறுத்து” என்று சொல்லும் உரிமை வாங்குகிறவனுக்கு இருக்க வேண்டும். அந்தச் சொல்லைக் கேட்டு நிற்கும் ஒழுக்கம் கொடுக்கிறவனுக்கு இருக்க வேண்டும்.

லாரி ஆபீஸ் கணக்கு

சிப்கள் செய்தி அனுப்பும் விதத்தைப் புரிந்துகொள்ள, சிவகாசி லாரி ஆபீஸைப் பார்த்தால் போதும்.

கட்டுகள் லாரி ஏறுகின்றன. ஒவ்வொரு கட்டிலும் விலாசம். ஒவ்வொன்றுக்கும் வரிசை எண். எடை போட்டு ரசீதில் குறிக்கிறார்கள். போய்ச் சேரும் ஊரில் எண்ணிப் பார்க்கிறார்கள். எடை குறைந்தால் கட்டு பிரிந்திருக்கிறது என்று தெரிகிறது. ஏழாம் கட்டுக்குப் பின் ஒன்பதாம் கட்டு வந்தால், எட்டு எங்கே என்று கேட்கிறார்கள். சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்தக் கையெழுத்துத் திரும்பி வந்தால்தான் அனுப்பியவருக்குத் தூக்கம் வரும்.

டெலிபோன் யந்திரங்களில் வெகுகாலமாகப் புழங்கும் எச்.டி.எல்.சி. என்ற முறை அச்சாக இதுதான். செய்தி என்பது ஒன்றும் பூஜ்யமுமாக ஓடும் ஒரு சரம். சரத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் 01111110 என்ற அடையாளக் கொடி. நடுவில் விலாசம், வரிசை எண், செய்தி. கடைசியில் எடைச் சீட்டுப் போல ஒரு சரிபார்ப்புக் கணக்கு.

செய்திக்குள்ளேயே அந்தக் கொடியைப் போன்ற சரம் தற்செயலாக வந்துவிட்டால் என்ன செய்வது? அதற்கும் ஒரு யுக்தி உண்டு. கொடியைத் தவிர வேறெங்கும் ஐந்து ஒன்றுகள் அடுத்தடுத்து வந்தால், அனுப்புகிற சிப் ஒரு பூஜ்யத்தைச் செருகிவிடும். வாங்குகிற சிப் அதை எடுத்து எறிந்துவிடும். ஆகவே ஆறு ஒன்றுகள் சேர்ந்து வந்தால் அது கொடியே, வேறெதுவும் அல்ல.

கணக்குத் தப்பினால் வாங்கிய சிப் அந்தச் செய்தியை ஏற்பதில்லை. பதில் வராததைக் கண்டு, குறித்த நேரம் கழிந்ததும் முதல் சிப் மறுபடி அனுப்புகிறது. சில தடவை அனுப்பியும் பதில் இல்லையானால் சும்மா இருப்பதில்லை. “இந்தப் பாதை செத்துவிட்டது” என்று முடிவு கட்டி, மாற்றுப் பாதையில் அனுப்புகிறது. கூடவே அபாய மணியும் அடிக்கிறது.

எக்ஸ்சேஞ்சுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவே ஓடும் ‘ஏழாம் எண் சமிக்ஞை’ முறையில் இன்னொரு விசேஷம். சொல்வதற்குச் செய்தியே இல்லாத நேரத்திலும் இரு பக்கமும் வெற்றுச் செய்திகளை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். இராக் காவற்காரர்கள் ஒருவருக்கொருவர் விசில் கொடுப்பது இல்லையா? திருடன் வந்ததால் அல்ல. “நான் விழித்திருக்கிறேன், நீ விழித்திருக்கிறாயா?” என்பதற்காக. விசில் நின்றால்தான் கவலை!

ஒரு சாதாரண டெலிபோன் அழைப்பை அந்த முறை ஐந்து செய்திகளில் முடிக்கிறது. “இன்ன எண் வேண்டும்.” “அடையாளம் கண்டேன்.” “எடுத்துவிட்டார்.” பேச்சு முடிந்ததும் “விடு.” பிறகு “விட்டேன்.” கடைசிச் சொல் வராவிட்டால் அந்த லயனை வேறொருவருக்குக் கொடுக்க மாட்டார்கள். இன்றைய 4ஜி கைபேசிகளின் பேச்சு வேறு முறையில் ஓடுகிறது. அதிலும் “வருகிறாயா?”, “சரி”, “உன் சரி கிடைத்தது” என்று மூன்று சொல் உண்டு. முறைகள் மாறினாலும் மரியாதை மாறவில்லை.

சி-டாட் செய்த காரியம்

இந்த வித்தையெல்லாம் வெகுகாலம் மேனாட்டுக் கம்பெனிகளின் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. எக்ஸ்சேஞ்சை விலைக்கு வாங்கலாம். உள்ளே ஓடும் பேச்சை வாங்க முடியாது.

1984 ஆகஸ்டில் இந்திய சர்க்கார் சி-டாட் என்ற ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கியது. அமெரிக்காவில் டெலிபோன் யந்திரத் துறையில் பெயர் எடுத்த சாம் பிட்ரோடாவும், டெலிபோன் இலாகாவின் அனுபவசாலி ஜி.பி. மீமாம்சியும் இளம் என்ஜினீயர்களைச் சேர்த்தார்கள். 36 மாதம், 36 கோடி ரூபாய் என்பது கெடு. 1986-ல் கர்நாடகத்தின் கித்தூரில் அவர்களுடைய கிராம எக்ஸ்சேஞ்சு வேலை செய்யத் தொடங்கியது. 128 இணைப்புக் கொண்ட சிறிய பெட்டி. குளிர்சாதன அறை வேண்டியதில்லை. வெயிலும் புழுதியும் தாங்கும். கரிசல் காட்டு வெயிலுக்கு ஏற்ற சாமான்தான். தமிழகக் கிராமங்களுக்கும் இந்த எக்ஸ்சேஞ்சுகள் வந்தன.

பின்னர் வந்த சி-டாட்டின் பெரிய எக்ஸ்சேஞ்சுகளிலே ‘செய்தி மாற்றி’ என்று தனியாக ஒரு பகுதியே உண்டு. எட்டு எட்டு டெலிபோனுக்கு ஒரு அட்டை. 16 அட்டைகளுக்கு ஒரு கட்டுப்பாட்டு யந்திரம். இவற்றுக்கெல்லாம் மேலே தலைமை யந்திரம். இவர்களுக்குள் நடக்கும் கட்டளையும் பதிலும் இந்தச் செய்தி மாற்றி வழியாகவே போகும். போகும் முறை, மேலே சொன்ன எச்.டி.எல்.சி.யே. முக்கியமான பகுதிகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் இரட்டை வைத்திருந்தார்கள். ஒன்று படுத்தால் மற்றது எழுந்து நிற்கும்.

மனிதக் குரல் வேறு பாதையில் போகும். கட்டளை வேறு பாதையில் போகும். ஊர்வலத்துக்கும் போலீஸ் ஜீப்புக்கும் தனித்தனி வழி விட்டது போல. ஒரு குரலுக்கு விநாடிக்கு 64,000 துளிகள். முப்பது குரலையும் இரண்டு காவல் பாதைகளையும் சேர்த்து ஒரே கம்பியில் 20,48,000 துளிகள். அத்தனை நெரிசலிலும் கட்டளை வழி தவறக்கூடாது என்பதற்கே இந்த ஏற்பாடு.

‘கிடைத்தது’ வேறு, ‘புரிந்தது’ வேறு

கை குலுக்கினால் போதுமா? போதாது என்று அமெரிக்கா ஒரு நாள் கற்றுக்கொண்டது.

1990 ஜனவரி 15. ஏ.டி. அண்டு டி. கம்பெனியின் நியூயார்க் எக்ஸ்சேஞ்சு ஒன்றில் சிறு கோளாறு. அது தன்னைத் தானே சரிசெய்துகொண்டது. நான்கைந்து விநாடி ஓய்வு. பிறகு வழக்கம்போல அழைப்புகளை அனுப்ப ஆரம்பித்தது. அதிலிருந்து செய்தி வருவதைக் கண்ட மற்ற எக்ஸ்சேஞ்சுகள், “இது பிழைத்துவிட்டது” என்று தம் ஏட்டில் குறிக்கத் தொடங்கின. அந்தக் குறிப்பை எழுதி முடிக்குமுன், விநாடியின் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள், அடுத்த செய்தி வந்து விழுந்தது. புதிதாகப் போட்ட புரோகிராமில் ஓர் இடத்தில் பிழை. ஏடு குழம்பியது. குழம்பிய எக்ஸ்சேஞ்சும் தன்னைச் சரிசெய்துகொள்ளப் படுத்தது. எழுந்தபோது பக்கத்து எக்ஸ்சேஞ்சுக்கு அதே வியாதியைக் கொடுத்தது!

114 பெரிய எக்ஸ்சேஞ்சுகள் இப்படி மாறி மாறி விழுந்து எழுந்தன. ஒன்பது மணி நேரம் இந்தக் கூத்து. அந்தக் கம்பெனியின் தொலைதூர அழைப்புகளில் ஏறத்தாழப் பாதி போய்ச் சேரவில்லை. கம்பி அறுபடவில்லை. மின்சாரம் நிற்கவில்லை. செய்தியைக் கையாளும் ஒழுங்கில் ஓர் ஓட்டை, அவ்வளவே.

இதில் இரண்டு உண்மை தெரிகிறது. செய்தி கிடைப்பது ஒன்று, அதன்படி காரியம் முடிவது மற்றொன்று. ஒரு காரியம் முடியுமுன் அடுத்ததைத் திணித்தால் இரண்டும் கெடும். வாட்ஸ்-அப்பில் இரட்டைக் கோடு விழுந்தால் செய்தி கைபேசிக்குப் போயிற்று என்று அர்த்தம். நீலம் ஆனால் திறந்து பார்த்தார் என்று அர்த்தம். செய்தார் என்று எந்தக் கோடும் சொல்வதில்லை!

நமது கையில் வந்த பூட்டுச் சாவி

2025 செப்டம்பர் 27-ந் தேதி, ஒடிசாவின் ஜார்சுகுடாவில் நடந்த விழாவில், பி.எஸ்.என்.எல்.லின் சுதேசி 4ஜி அமைப்பைப் பிரதமர் மோடி தொடங்கிவைத்தார். சுமார் 97,500 கோபுரங்கள். நடுநாயகமான மையப் பகுதி சி-டாட் செய்தது. கோபுர ரேடியோ தேஜஸ் நெட்வொர்க்ஸ் செய்தது. ஒன்றாக இணைத்தது டாடா கன்சல்டன்சி.

இதை வெறும் சுதேசிப் பெருமை என்று தள்ளிவிடக் கூடாது. கை குலுக்கும் விதிகள் சர்வதேச விதிகள். உலகம் முழுவதற்கும் ஒன்றே. ஆனால் விதியை யந்திரத்தில் எழுதியவர் நம்மவர் என்றால், கோளாறு வரும் நாளில் பெட்டியைத் திறந்து பார்க்க நம்மவரால் முடியும். கடல் கடந்து கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை. உள்ளிருக்கும் உயர்ரகச் சிப்கள் பெரும்பாலும் இன்னமும் வெளிநாட்டு ஆலைகளிலிருந்தே வருகின்றன என்பதும் உண்மை. பாதி வீடு கட்டியாயிற்று. மீதியைக் கட்ட வேண்டும்.

இருக்கட்டும். கோபுரத்துக்கும் கோபுரத்துக்கும் நடுவே செய்தி தவறாமல் போகிறது. கோபுரத்தின் நிழலில் வாழும் மனிதருக்கும் மனிதருக்கும் நடுவே போகிறதா?

திரிக்குக் காது இல்லை

வெடித் தொழிலை விடப் பொருத்தமான உதாரணம் இதற்கு இல்லை.

திரியில் நெருப்பு வைப்பதும் ஒரு செய்திதான். ஆனால் ஒரு வழிச் செய்தி. “தயாரா?” என்று திரியைக் கேட்க முடியாது. வைத்தபின் “வேண்டாம், நில்” என்று சொல்லவும் முடியாது. அதனால்தான் பெரிய வாணவேடிக்கைகளில் இன்று மின்சாரக் கருவியால் வெடிக்கிறார்கள். முதலில் மருந்து பற்றாத அளவு சிறு மின்சாரத்தை ஓடவிட்டு, கம்பி முழுசாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அப்புறம் ஆயத்தக் கட்டளை. அதன் பிறகே வெடிக்கும் கட்டளை. திரிக்கு இல்லாத காதைக் கருவி கொடுக்கிறது.

இனி ஒரு துயரச் சம்பவம். 2012 செப்டம்பர் 5-ந் தேதி, சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. 35-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பலர் அந்த ஆலைத் தொழிலாளிகள் அல்ல. புகையைக் கண்டு, சத்தத்தைக் கேட்டு, காப்பாற்றவும் பார்க்கவும் ஓடி வந்தவர்கள். அடுத்தடுத்து நிகழ்ந்த வெடிப்பில் அவர்கள் சிக்கினார்கள்.

“வரலாமா?” என்று அவர்கள் கேட்க ஆள் இல்லை. “வராதே, உள்ளே இன்னும் மருந்து இருக்கிறது” என்று சொல்ல வழி இல்லை. வெடிச்சத்தம் ஒன்றுதான் ஊருக்குக் கிடைத்த செய்தி. அது “ஓடி வா” என்று பொருள்பட்டது. சொல்ல வேண்டிய செய்தியோ, “விலகி நில்” என்பது!

2021 பிப்ரவரியில் சாத்தூர்ப் பக்கம் அச்சங்குளம். 2025 ஜூலை 1-ந் தேதி சின்னக்காமன்பட்டி. விபத்துகள் ஓயவில்லை. மருந்துக் கலவை, உராய்வு, அளவு மீறல், உள்குத்தகை என்று காரணங்கள் பல. அவற்றை விதிகளும் சோதனைகளும் கவனிக்க வேண்டும். ஆனால் முதல் வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் நடுவே உள்ள சில நிமிடங்கள் செய்திக்குச் சொந்தமானவை. அந்த நிமிடங்களில் போகும் உயிர்களை ஒரு சொல் காப்பாற்றும்.

ஊருக்கெல்லாம் ஒரே குரல்

விபத்து நடந்தவுடன் என்ன நடக்கிறது? எல்லோரும் ஒரே சமயத்தில் கைபேசியை எடுக்கிறார்கள். “நம்ம ஆள் உள்ளே இருக்காரா?” என்று தாயும் மனைவியும் கேட்கிறார்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் கை குலுக்கல் வேண்டும். கோபுரம் திணறுகிறது. அவசரச் செய்தியும் அந்த வரிசையில் நிற்க நேர்கிறது.

இதற்கு மாற்றாக ஒரு முறை இருக்கிறது. குறிப்பிட்ட கோபுரங்களின் எல்லையில் உள்ள கைபேசிகள் அனைத்திலும் ஏககாலத்தில் மணி ஒலித்து எச்சரிக்கை தோன்றும். 2023-ல் நாடெங்கும் இதைச் சோதித்தபோது, திடீரென்று அலறிய கைபேசியைக் கண்டு திடுக்கிட்டவர்கள் பலர். இந்தச் சுதேசி ஏற்பாட்டைச் செய்ததும் சி-டாட்தான்.

இந்த முறையில் கை குலுக்கலே இல்லை! பதிலுக்குக் காத்திருப்பதில்லை. அதனால்தான் நெரிசலிலும் நொடியில் பரவுகிறது. தண்டோரா போடுகிறவன் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினால் ஊர் சுற்ற ஒரு வாரம் ஆகுமல்லவா? ஆனால் தண்டோராவில் ஒரு குறையும் உண்டு. யார் கேட்டார், யார் கேட்கவில்லை என்று தெரியாது.

ஆகவே இரண்டும் வேண்டும். எல்லோருக்கும் பதில் கேளாத ஒரே குரல். பொறுப்புள்ளவர்களிடம் பதில் வாங்கும் கை குலுக்கல். புயலுக்கும் வெள்ளத்துக்கும் உள்ள எச்சரிக்கை, வெடிக் கிராமத்துக்கும் ஆகும். “இன்ன ஆலைப் பக்கம் போகாதீர், தீயணைப்புப் படை வருகிறது” என்று இரண்டு வரி தமிழில் வந்தால் போதும். சுற்றியுள்ள சில கோபுரங்களுக்கு மட்டும் அனுப்பினால் மாவட்டம் முழுவதும் பீதி பரவாது.

பட்டாசு ஆலைக்குள் கைபேசி கூடாது என்பது கண்டிப்பு. அது நியாயமே. அதனால் உள்ளே இருப்பவருக்குச் சங்குதான் செய்தி. ஓடுவதற்கு ஒரு விதம், நிற்பதற்கு ஒரு விதம் என்று சங்கொலி பிரிந்திருக்க வேண்டும். ஆலையைச் சுற்றியுள்ள ஊராருக்கும் அதன் பொருள் பழக்கமாகியிருக்க வேண்டும். ஃபோர்மேனிடமிருந்து தீயணைப்பு நிலையத்துக்கும், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கும், ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்சுக்கும் போகும் ஒவ்வொரு சொல்லுக்கும் “கிடைத்தது” என்ற பதில் வேண்டும். வராவிட்டால் மறுபடி சொல்ல வேண்டும். அதற்கும் வராவிட்டால் வேறு வழியில் சொல்ல வேண்டும். உள்ளே எத்தனை பேர், வெளியே வந்தது எத்தனை பேர் என்ற எண்ணிக்கை, வாசலில் இருப்பவர் கையில் இருக்க வேண்டும். லாரி ஆபீஸ் ரசீதைப் போல.

இவற்றுக்குப் புதிய சிப் வேண்டாம். கோடிக்கணக்கில் பணமும் வேண்டாம். விபத்து இல்லாத நாட்களில் மாதம் ஒரு முறை ஒத்திகை பார்த்தால் போதும். செய்தி இல்லாத வேளையிலும் எக்ஸ்சேஞ்சுகள் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டிருக்கும் ரகசியம் அதுதான்.

சாத்தூருக்கும் டில்லிக்கும் நடுவே ஒரு ‘ஹலோ’ போவதற்குள் எத்தனையோ சிப்கள் கேட்டுக் கேட்டு, சரிபார்த்து, பதில் சொல்லி முடித்துவிடுகின்றன. உயிரில்லாத சிலிக்கன் துண்டுக்கு இந்த ஒழுக்கம் இருக்கிறது. ஆலைக்கும் பக்கத்து ஊருக்கும் நடுவே உள்ள அரை மைல் தூரத்தில் அதே ஒழுக்கம் வந்துவிட்டால், புகையைக் கண்டு ஓடி வருகிறவன் சாலையிலேயே நிறுத்தப்படுவான். அவன் அன்று மாலை வீட்டுக்குத் திரும்பிப் போவான்.